மூன்றாம் அறையில் இருந்தவர்

சஸ்கட்டூன்
9 அக்டோபர் 2022

அன்புள்ள தம்பி ஓரெஸ்ட்,

உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? தீவில் குளிர் தொடங்கிவிட்டதா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

போனில் பேசினால் நாம் மூன்றாவது நிமிடம் சண்டை போடுகிறோம், கடிதத்தில் சண்டை போட ஒரு மாதம் ஆகும், அதற்குள் கோபம் ஆறிவிடும் என்று அம்மாவை அடக்கம் செய்த அன்று சொன்னாயே, சரிதான். போன கடிதத்துக்கு நான் பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். இது இரண்டாவது.

நாளை நன்றி விழா. வான்கோழி வாங்கவில்லை, எனக்கு நாளையும் வேலைதான். எங்கள் அவசரப் பிரிவில் கோடைக்குப் பிறகு மூன்று டாக்டர்கள் போய்விட்டார்கள். மேலே படுக்கை காலியாகாததால் நோயாளிகள் நடைபாதையில் ஸ்ட்ரெச்சரிலேயே மூன்று நாள் கிடக்கிறார்கள். நேற்று காதில் தூண்டில் முள்ளோடு ஒருவர் வந்தார். கையில் ஒரு பெரிய மீன்.

"முள்ளு காதுல மாட்டிக்கிச்சு, சரி. மீனை எதுக்குங்க தூக்கிட்டு வந்தீங்க?" என்றேன்.

"இல்லாட்டி நான் பிடிச்சேன்னு யாரு நம்புவா?"

போன வருடமாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். நேற்று கடிகாரத்தைப் பார்த்தேன்.

எல்லோராலும் ஓடிவிட முடியாதல்லவா, யாராவது நிற்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
ஹலீனா


கலங்கரை விளக்கம், தீவு
2 நவம்பர் 2022

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் ஹெலிகாப்டரில் முட்டைக்கும் உருளைக்கிழங்குக்கும் நடுவே வந்து சேர்ந்தது. முதுகு பரவாயில்லை. மழை நாளில் மட்டும் தன் இருப்பைச் சொல்லும்.

ஐந்து நாட்களாகப் பனிமூட்டம். உலகம் எங்கள் வேலியோடு முடிந்துவிட்டது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வானிலை சொல்ல ரேடியோவை எடுக்கிறேன். காற்று இவ்வளவு, அலை இவ்வளவு, கண்ணுக்கு எட்டும் தூரம் ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் யாரோ ஒரு மீனவர் 'நன்றி' என்கிறார். ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னதற்கு நன்றி வாங்கும் வேலை எனக்கு.

இந்த விளக்கத்தின் தலைமைக் காவலர் வெண்டல் உன்னைப் பற்றிக் கேட்டார். "உங்க அக்கா டாக்டரா? ஆறு வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே, படுபாவி! என் முட்டிய ஒரு போட்டோ எடுத்து அனுப்பு." முட்டியைப் போட்டோவில் பார்த்து ஒன்றும் தெரியாது என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அக்கா, ஒன்று கேட்கிறேன். வேலை முடிந்து காரில் வீட்டுக்கு வருகிறாயே, அந்த வழி உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

தூக்கம் எப்படி என்றும் எழுது.

அன்புடன்,
ஓரெஸ்ட்


சஸ்கட்டூன்
20 நவம்பர் 2022

அன்புள்ள ஓரெஸ்ட்,

நீயும் வெண்டலும் சமாதானம் ஆகிவிட்டீர்களா? முட்டிக்குச் சூடு ஒத்தடம் கொடுக்கச் சொல். இங்கே ஆறு உறைந்துவிட்டது. நான் நலம்.

தூக்கம் என்று கேட்டாய். தூங்குகிறேன், ஒரே கனவுதான் திரும்பத் திரும்ப வருகிறது. அவசரப் பிரிவின் நடைபாதை முழுக்கக் கோதுமை விளைந்து நிற்கிறது. இடுப்பளவு. பொன் நிறம். காற்றில்லை, ஆனால் அசைகிறது. கதிர்களுக்குள்ளிருந்து யாரோ மெதுவாக "டாக்டர்" என்கிறார்கள். விலக்கிப் பார்த்தால் தரை தெரிவதில்லை. எனக்குப் பயமே இல்லை, அதுதான் வேடிக்கை. கதிரைக் கையால் தடவியபடி நடந்துகொண்டே இருக்கிறேன். எழுந்தால் உள்ளங்கையில் உமி ஒட்டியிருப்பது போலிருக்கிறது.

எங்கள் மூத்த நர்ஸ் லிகாயா என்னைக் கண்காணிக்கிறாள். பிலிப்பைன்ஸிலிருந்து வந்து இருபது வருடம் ஆகிறது. அவள் அதட்டினால் சர்ஜன்கள்கூட வாயை மூடிக்கொள்வார்கள்.

"டாக்டர், சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேனே. சூப்."

"எந்த சூப்?"

"காளான்."

"அது நேத்து. என் டப்பாவுல இருந்து நான் கொடுத்தது. இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?"

யோசித்துப் பார்த்தேன். வரவில்லை. அவள் ஒரு கிண்ணம் சோறு வைத்துவிட்டு, நான் முடிக்கும்வரை எதிரே இடுப்பில் கை வைத்து நின்றாள்.

வேலை முடிந்ததும் இப்போதெல்லாம் காரிலேயே கொஞ்சம் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடியில் பனி விழுந்து மூடும்போது வெள்ளை அறைக்குள் இருப்பது போல அமைதி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹலீனா


தீவு
12 டிசம்பர் 2022

அன்புள்ள அக்கா,

மூன்று நாள் புயல் அடித்து ஓய்ந்தது. நாங்கள் இருவரும் பத்திரம். கோழிக்கூட்டின் கூரையைக் கடல் எடுத்துக்கொண்டது, கோழிகள் இப்போது எங்கள் சமையலறையில்.

புயலுக்கு மறுநாள் காலையில் மறுபடி மூட்டம் இறங்கியது. பாறையில் நின்றுகொண்டிருந்தேன். எங்கிருந்தோ ஒரு பெரிய பெருமூச்சு கேட்டது. பின்பு இன்னொன்று, சின்னது. திமிங்கலமும் குட்டியும். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அவை மூச்சு விட, நானும் கூடவே விட, எவ்வளவு நேரம் நின்றேனோ. குளிரில் காது மரத்த பிறகுதான் உள்ளே வந்தேன்.

நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. சூப்பைப் பற்றிக் கேட்கவில்லை அக்கா, வழியைப் பற்றிக் கேட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு நாளாவது லீவு எடு.

அன்புடன்,
ஓரெஸ்ட்


சஸ்கட்டூன்
7 ஜனவரி 2023

அன்புள்ள ஓரெஸ்ட்,

நம் உக்ரேனிய வழக்கப்படி இன்று கிறிஸ்துமஸ், வாழ்த்துகள். நான் நலம். இந்த வருடம் பண்டிகைக் கோதுமைப் பாயசம் குத்யா செய்யவில்லை. கோதுமையை ஊறப் போட்டேன், தேனும் கசகசாவும் எடுத்து வைத்தேன், பிறகு வேலைக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது கோதுமை முளை விட்டிருந்தது. அப்படியென்றால் எத்தனை நாள் ஆகியிருக்கும்?

இங்கே எல்லாம் நலம். கோழிகளைக் கேட்டதாகச் சொல். நான் நலமாகவே இருக்கிறேன்.

ஹலீனா


தீவு
15 பிப்ரவரி 2023

அன்புள்ள அக்கா,

இரண்டு ஹெலிகாப்டர் வந்துபோயின. உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. பைலட்டிடம் பையை உதறிக் காட்டச் சொன்னேன். "ஏம்ப்பா, லெட்டரை நான் தின்னுட்டேனா?" என்றான்.

நாம் போட்ட விதியை மீறி இரண்டு முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. உன் குரல் பதிவில் "செய்தியைச் சொல்லுங்கள்" என்றது. எனக்கு ஒரு செய்தியும் சொல்ல வரவில்லை, கடல் சத்தம்தான் பதிவாகியிருக்கும்.

சண்டை போடவாவது எழுது.

ஓரெஸ்ட்


சஸ்கட்டூன்
26 பிப்ரவரி 2023

மதிப்புக்குரிய ஓரெஸ்ட் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் குடும்பத்தாரும் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். என் பெயர் லிகாயா. உங்கள் அக்காவோடு பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். உங்கள் முகவரி அவருடைய லாக்கரில் ஒட்டியிருந்த உறையில் கிடைத்தது. இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

ஜனவரி பத்தொன்பதாம் தேதி ஒரு தவறு நடந்தது. டாக்டருக்கு அது பத்து நாளில் ஒன்பதாவது ஷிப்ட். முந்தின நாள் வந்திருக்க வேண்டியவருக்கு உடம்பு சரியில்லை என்று இவரே தொடர்ந்து நின்றார். மதியம் இரண்டு மணி இருக்கும். மாரடைப்பு என்று இரண்டு பேரைக் கால் மணி இடைவெளியில் கொண்டுவந்தார்கள். ஒருவர் பிழைத்தார். ஒருவரை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. குடும்பத்தார் காத்திருக்கும் அறைகளில், இரண்டாம் அறையில் இறந்தவரின் மனைவி. மூன்றாம் அறையில் பிழைத்தவரின் மனைவி.

டாக்டர் மூன்றாம் அறைக்குள் போய்விட்டார். பெயர் கேட்காமல், "உங்கள் கணவரைக் காப்பாற்ற முடியவில்லை" என்று சொல்லிவிட்டார்.

வழக்கமாக நான் கூடப் போவேன். அன்று ஒரு குழந்தைக்கு வலிப்பு, என்னால் நகர முடியவில்லை. ஒன்பது நிமிடம் கழித்துத்தான் கதவைத் திறந்தேன். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அறையைப் பற்றி இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை.

நான் சொன்னதும் டாக்டர் அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். பிறகு இரண்டாம் அறைக்குப் போனார். இந்த முறை பெயர் கேட்டார், நானும் கூட இருந்தேன். ஆனால் மூன்றாம் அறை அம்மா என்னிடம் திருப்பிச் சொன்ன அதே வார்த்தைகள், அதே வரிசை, கொஞ்சமும் மாறாத குரல்.

மறுநாள் வேலைக்கு வந்தார். அதற்கு மறுநாளும். இப்போது வேலை முடிந்து காரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். நான் கண்ணாடியைத் தட்டி, "வீட்டுக்குப் போங்க டாக்டர்" என்றால், "போய்ட்டு வந்துட்டேன்" என்கிறார்.

நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள். ஆனாலும் அவர் படிக்கும் ஒரே கடிதம் உங்களுடையது.

பணிவுடன்,
லிகாயா


தீவு
10 மார்ச் 2023

அன்புள்ள அக்கா,

உடம்பு எப்படி என்று இந்தத் தடவை கேட்கவில்லை. நீ 'நலம்' என்று எழுதுவாய்.

நான் ஏன் ஆம்புலன்ஸ் வேலையை விட்டேன் என்று உன்னிடம் சொன்னதே இல்லை. பெரிய விபத்து ஏதாவது பார்த்திருப்பேன் என்று நீ நினைத்திருக்கலாம். அப்படி ஒன்றுமில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வெயில் நன்றாக அடித்தது. வண்டியை ஓரமாக நிறுத்தியிருந்தேன். ரேடியோ எங்கள் எண்ணைக் கூப்பிட்டது. எனக்குக் கேட்டது. தெரியாத மொழியில் யாரோ பாடுவது போல இனிமையாக இருந்தது. மறுபடி கூப்பிட்டது. நான் ஜன்னல் வழியே ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்த டேல் காபி வாங்கிக்கொண்டு ஓடிவந்து எடுத்தான். நான்கு நிமிடம் போயிருந்தது. "டேய், உனக்குக் கேக்கலையா?" என்றான். "கேட்டுச்சு" என்றேன்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டேல் யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அடுத்த வாரம் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். அந்த ஞாயிறு அம்மா வீட்டு மேஜையில் எல்லோர் முன்னும் நீ என்னை 'ஓடிப்போனவன்' என்றாய். அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நீ சொன்னது உண்மைதான். ஓடினேன். அதனால்தான் இன்று இருக்கிறேன்.

வழி ஞாபகம் இருக்கிறதா என்று உன்னை இரண்டு முறை கேட்டேன். கடைசி வருடம் எனக்கு ஒரு வழியும் ஞாபகம் இல்லை அக்கா. எந்தத் தெருவில் திரும்பினேன், சிவப்பு விளக்கில் நின்றேனா என்று எதுவும் தெரியாமல் வீட்டு வாசலில் இருப்பேன். அதனால்தான் கேட்டேன்.

இங்கே ஒரு அறை காலியாக இருக்கிறது.

உன் தம்பி,
ஓரெஸ்ட்


சஸ்கட்டூன்
20 ஏப்ரல் 2023

அன்புள்ள ஓரெஸ்ட்,

இல்லை. நவம்பரிலிருந்து எனக்கு வழி ஞாபகம் இல்லை.

லிகாயா உனக்கு எழுதினாள் என்று தெரியும். நானாகக் கேட்கவில்லை. ஒரு வாரமாக என்னைப் பார்த்தாலே காது சிவந்தாள், அவளுக்குத் திருட்டுத்தனம் வராது. ஆனாலும் அதை நானே சொல்ல வேண்டும்.

அந்த அம்மாவின் பெயர் ஆர்லீன். கதவைத் திறந்ததும் முகத்தைப் பார்த்தேனா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கால்களைப் பார்த்தேன். ஷூவில் காய்ந்த சாணம். சொல்ல வேண்டியதைச் சொன்னேன், சொன்ன பிறகு பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது முறை, உட்கார்ந்தேன். அடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது லிகாயா கதவைத் திறந்தது. நடுவே ஒன்றுமில்லை. உன் தீவின் வானிலை மாதிரி, கண்ணுக்கு எட்டும் தூரம் பூஜ்யம்.

உன் கடிதத்தை வேலைக்குப் போகும் முன் சமையலறையில் நின்றபடி படித்தேன். படித்து முடித்ததும் நேராக எங்கள் தலைமை டாக்டர் ப்ரூயிட்டிடம் போனேன்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே ஹலீனா. அந்தம்மா புகார்கூடக் கொடுக்கலை. எதுக்கு நீயா கிளறறே?"

"அதனாலதான் நடந்ததை நானே எழுதிக் கொடுக்கறேன்."

"சரி, ரெண்டு வாரம் லீவு எடுத்துக்க. போதுமா?"

"என்னை ஒரு நோயாளியாப் பாருங்க. ஒன்பது நிமிஷம் எங்க போச்சுன்னே தெரியாதவளுக்கு ரெண்டு வாரம் எழுதித் தருவீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். அவரும் தூங்கி நாளாகியிருக்கும் என்று அப்போதுதான் பார்த்தேன். அந்தப் பத்து நாட்களின் ஷிப்ட் பட்டியலையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தேன். அந்தச் சுமையை என் தலையில் மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று லிகாயா சொன்னாள். விசாரணை நடக்கிறது. செப்டம்பர் வரை எனக்கு விடுப்பு. வாரம் ஒருமுறை ஒரு டாக்டரிடம் போய்ப் பேசுகிறேன். மற்ற நேரம் தூங்குகிறேன். பகலில், சோபாவில், வாயைத் திறந்துகொண்டு.

நீ ஓடியதாக நான் சொன்னபோது எனக்கு உன் மேல் கோபமில்லை, பொறாமை. அந்தச் சொல்லைத் திருப்பி வாங்கிக்கொள்ள முடியுமா என்று தெரியவில்லை. மன்னித்துவிடு தம்பி.

அந்த அறை இன்னும் காலியா?

ஹலீனா


தீவு
14 மே 2023

என் அக்காவுக்கு,

காலி. ஜன்னலைத் துடைத்துவிட்டேன். ஜூன் ஆறாம் தேதி படகில் உனக்கு இடம் சொல்லியாகிவிட்டது. கம்பளிக் காலுறை நிறையக் கொண்டு வா.

வெண்டல் முட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி வைத்திருக்கிறார். "டாக்டர் வர்றாங்கல்ல, மரியாதை வேணாமா?" நீ லீவில் வருகிறாய் என்றேன். "முட்டிக்கு லீவு உண்டாடா?" என்கிறார்.

மன்னிப்புப் பற்றி எழுதியிருந்தாய். அந்தப் பக்கத்தைப் பலமுறை படித்தேன். நேரில் சண்டை போட்டுக்கொள்ளலாம், வா.

ஓரெஸ்ட்


சஸ்கட்டூன்
30 ஜூலை 2023

அன்புள்ள ஓரெஸ்ட்,

வந்து சேர்ந்து ஒரு மாதம் ஆகிவிட்டது, இப்போதுதான் எழுதுகிறேன். நான் நலம் என்று எழுதக் கை வருகிறது, கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதுகிறேன்: காலையில் பசிக்கிறது. கோதுமைக் கனவு இரண்டு முறைதான் வந்தது. வெண்டலை முட்டிக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல், இனித் தள்ளிப்போட வேண்டாம். உங்கள் தீவில் மூன்று வாரம் நான் செய்தது பெரும்பாலும் ஒன்றுமில்லை, அதை நீங்கள் இருவரும் ஒன்றுமே கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

இறந்தவரின் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையில்லை.

ஆர்லீனை நேரில் பார்த்தேன். ஆஸ்பத்திரி மூலமாகக் கேட்டு அனுப்பினேன், "சனிக்கிழமை வரட்டும், பழம் பறிக்கிற நேரம்" என்று சொல்லியனுப்பினார். ஊருக்கு வடக்கே ஒரு மணி நேரம். கடுகு வயல்கள் மஞ்சளாகப் பூத்திருந்தன. ஒரு இடத்தில் ரயில் கடப்பதற்காக நின்றேன், நூற்றுப் பதினான்கு பெட்டி. வழி முழுவதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஆர்லீன் வேலியோரம், நம் ஊருக்குப் பெயர் தந்த சஸ்கட்டூன் பழப் புதரில் நின்றார். விரல்கள் ஊதா. அறுபது வயது இருக்கும். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொல்லத் தொடங்கினேன்.

"பேப்பர்ல எழுதிப் படிச்சீங்களா?" என்றார்.

"ஆமாம்."

"அப்ப வேணாம். நான் சொல்றேன், கேளுங்க. நீங்க சொன்னதும் எனக்கு அழுகையே வரலை. மாடு கன்னு போடற நேரம், இனிமே யாரு பாப்பான்னு தோணுச்சு. அதை நினைச்சு இன்னும் எனக்குக் கூசுது. அந்த ஒன்பது நிமிஷத்தை என்கிட்ட இருந்து யாரும் திருப்பி எடுத்துக்க முடியாது. கோவம் இருக்கு, இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். நாலு பக்கம் புகார் எழுதி வெச்சேன்."

"ஏன் அனுப்பலை?"

அவர் என்னைப் பார்த்தார். "உங்களுக்கு நெசமாவே ஞாபகம் இல்லையா?"

"எது?"

"நீங்க என் பக்கத்துல உக்காந்தீங்க. என் கையைப் பிடிச்சீங்க. அப்புறம் என் தோள்ல சாஞ்சீங்க. எனக்காக அழறீங்கன்னு நினைச்சேன். பாத்தா, தூங்கிட்டிருக்கீங்க."

ஆர்லீன் தன் தோளைத் தொட்டுக் காட்டினார்.

"புருஷன் செத்துட்டான்னு சொல்லிட்டு ஒருத்தி என் தோள்ல குறட்டை விடறா. உதறித் தள்ளலாம்னுதான் கை போச்சு. ஆனா அப்படி ஒரு தூக்கம், அம்மா. எத்தனை நாளாத் தூங்கலையோன்னு இருந்துச்சு. எழுப்ப மனசு வரலை. அசையாம உக்காந்திருந்தேன். அந்த நர்ஸ் கதவைத் திறந்துச்சு, பாத்துச்சு, வாயைப் பொத்திக்கிச்சு. அதனாலதான் அனுப்பலை. உங்க மேல எழுதினது அது, எழுத வேண்டியது வேற யார் மேலயோன்னு தோணுச்சு. யாருன்னு தெரியலை."

ஓரெஸ்ட், லிகாயா ஆறு மாதம் இதை யாரிடமும் சொல்லவில்லை. பிறகு கேட்டேன். "அதைச் சொன்னா உங்களை வேலைய விட்டே அனுப்பிடுவாங்கன்னு பயந்தேன்" என்றாள். இப்போது விசாரணைக் குழுவுக்கு நானே அதையும் எழுதிவிட்டேன். குழு ஷிப்ட் பட்டியலைக் கேட்டு வாங்கியிருக்கிறது, என்னுடையதை மட்டுமல்ல, எல்லோருடையதையும். செப்டம்பரில் வாரம் இரண்டு நாள் வேலைக்குப் போகிறேன். அதற்கு மேல் ஒரு மணி நேரம்கூட முடியாது என்று ப்ரூயிட்டிடம் சொல்லிவிட்டேன். அவரும் ஆகஸ்டில் லீவு போடுகிறார்.

ஆர்லீன் என் கையில் ஒரு வாளியைத் திணித்தார். "சும்மா நிக்காதீங்க. பழுத்ததை மட்டும் பறிங்க."

பறித்தோம். அதிகம் பேசவில்லை. வெயில் தலைக்கு மேல் வந்தபோது வயலிலிருந்து ஒரு உயரமான மனிதர் நடந்து வந்தார்.

"யாரு ஆர்லீன்?"

"நீ செத்துப்போயிட்டேன்னு எனக்குச் சொன்ன டாக்டர்."

அவர் தொப்பியைக் கழற்றினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்படியா! நான் எப்படிங்க செத்தேன்?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கூடவே அழுகையும் வந்துவிட்டது. ஒரு வருடமாக இரண்டும் வந்ததில்லை. ஆர்லீன் அவரை ஒரு இடி இடித்தார்.

"தெரியலைங்க," என்றேன். "நான் உங்களைப் பாக்கவே இல்லை."

"அப்ப இப்பப் பாத்துக்குங்க," என்று கையை நீட்டினார். குலுக்கத்தான் நீட்டினார். என் விரல்கள் பழக்கத்தில் மணிக்கட்டு நாடிக்குப் போய்விட்டன. அவரும் இழுத்துக்கொள்ளவில்லை. கடிகாரத்தைப் பார்க்காமல், அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றேன். கொஞ்சம் தாளம் தப்பி, ஒரு துடிப்பு பிந்தி, மறுபடி சேர்ந்துகொண்டு, அது போய்க்கொண்டே இருந்தது.

குளிர் வருமுன் எழுது.

உன் அக்கா,
ஹலீனா